சொட்ட விடாமல் விட்ட ஒரே லைன்: ஆஸ்டின், பிப்ரவரி 2021

என் மேசை இழுப்பறையில் ஒரு சாண் நீளச் செப்பு பைப் துண்டு ஒன்று இருக்கிறது. அரை அங்குல விட்டம். நடுவில் லேசாகப் புடைத்து, முற்றிய வெண்டைக்காய் செடியிலேயே வெடித்ததைப் போல, நீளவாக்கில் ஒரு விரல் அளவுக்குப் பிளந்திருக்கிறது. பிளவின் உதடுகள் வெளிப்பக்கம் மடிந்திருக்கின்றன. 2021 பிப்ரவரி 19, வெள்ளிக்கிழமை பிற்பகலில், ஆஸ்டினுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டின் துணி துவைக்கும் அறைக்கு மேலிருந்து இந்தத் துண்டை அறுத்து எடுத்தோம்.

எங்கள் வீட்டை ஒட்டியே இன்னொரு வீடு இருக்கிறது. அதே நிறுவனம், அதே ஆண்டு, அதே வரைபடத்தில் கட்டியது. டெக்சாஸைக் கடும் பனிப்புயல் தாக்கிய அந்த வாரம் அங்கும் எங்களைப் போலவே மின்சாரம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இருந்த வேறுபாடு என்ன என்று பிறகு நான் மாதக்கணக்கில் ஆராய்ந்தேன். டெக்சாஸிலும் அதைப் போன்ற வெப்பப் பகுதிகளிலும் வாழும் நம்மவர்கள் பலர் இதே மாதிரி வீடுகளில்தான் இருக்கிறார்கள் என்பதால், கண்டதை முழுமையாக எழுதிவைக்கிறேன்.

வீடு எப்படிப்பட்டது

குளிர்ப் பிரதேச வீடுகளுக்கு அடித்தளத்தில் ஒரு நிலவறை இருக்கும். தண்ணீர் பைப்புகள் அந்த வெதுவெதுப்பான இடத்தில் புகுந்து, வீட்டின் உட்சுவர்கள் வழியாக மேலே ஏறும். டெக்சாஸில் வீட்டை நேராகக் கான்கிரீட் தளத்தின் மேல் எழுப்புகிறார்கள். நிலவறை கிடையாது. ஆகவே பைப்புகள் பல வீடுகளில் வெளிச்சுவருக்குள்ளும், கூரைக்கு அடியில் இருக்கும் ‘அட்டிக்’ என்ற பரணிலும் ஓடுகின்றன. கோடையில் 40 டிகிரி வெயிலைச் சமாளிக்க அந்தப் பரணுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று ஓரங்களில் துவாரம் விட்டிருப்பார்கள். வெப்பம் வெளியேற வைத்த துவாரம் குளிரும் உள்ளே வர வழிவிடும். வெளியே என்ன வெப்பநிலையோ, சில மணி நேரத்தில் பரணிலும் ஏறக்குறைய அதேதான்.

எங்கள் வீட்டில் இன்னொரு குறையும் இருந்தது. பரணின் தரையில் கண்ணாடி இழைப் பஞ்சு விரித்திருந்தது. துணி துவைக்கும் அறைக்குப் போகும் பைப் அந்தப் பஞ்சுக்கு மேலே கிடந்தது. பஞ்சு தானாகச் சூடு தராது. ஒரு பக்கத்துச் சூட்டை இன்னொரு பக்கம் போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். பைப் பஞ்சுக்குக் கீழே இருந்தால் வீட்டின் சூடு அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். மேலே கிடந்தால், வீட்டுச் சூட்டிலிருந்து அதே பஞ்சு பைப்பைப் பிரித்து வைக்கும். பஞ்சைப் பார்த்து நிம்மதியடைந்த நான், பைப் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை.

ஞாயிறு முதல் வெள்ளி வரை

கடுங்குளிர் வருகிறது என்று வானிலைத் துறை நாலைந்து நாட்களுக்கு முன்பே சொல்லிவிட்டது. பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை பகலில் நாங்கள் தயாரானோம். வெளிக்குழாய்களில் தோட்ட ஹோஸைக் கழற்றிவிட்டு, பழைய துண்டுகளைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டினேன். சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்தேன். சமையலறை, இரண்டு குளியலறைகள் எல்லாவற்றிலும் குழாயை நூல் கனத்துக்குச் சொட்ட விட்டேன். சூடு, குளிர் இரண்டும்.

மனைவி தன் வழியில் தயாரானாள். குரோம்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது அவள் அம்மா லாரித் தண்ணீருக்குக் காத்திருந்ததைத் தினமும் தொலைபேசியில் கேட்டவள். “கரண்ட் போனால் தண்ணீரும் போகும்” என்று சொல்லிவிட்டு, குளியல் தொட்டி, இட்லிக் குண்டான், குக்கர், இரண்டு எவர்சில்வர் குடம் என்று கையில் கிடைத்த எல்லாவற்றிலும் பிடித்து வைத்தாள். அதிகம் என்று எனக்குத் தோன்றியது. குழாய்கள் நின்றுபோன நாட்கள் அந்தத் தண்ணீரில்தான் ஓடின.

ஞாயிறு இரவு பனி கொட்டத் தொடங்கி, விடியும்போது ஆஸ்டினில் ஆறு அங்குலத்துக்கு மேல் கிடந்தது. பிப்ரவரி 15, திங்கள் அதிகாலை 1:20 மணிக்கு மாநில மின்தொகுப்பை நடத்தும் எர்காட் உச்ச அவசரநிலையை அறிவித்து, மின்வெட்டுக்கு உத்தரவிட்டது. மின் நிலையங்கள் உறைந்து ஒவ்வொன்றாக விழ, தொகுப்பின் அலைவெண் 60 ஹெர்ட்ஸிலிருந்து 59.4க்கும் கீழே இறங்கி, 4 நிமிடம் 23 விநாடி அங்கேயே நின்றது. ஒன்பது நிமிடம் நின்றிருந்தால் மீதி இருந்த நிலையங்களும் தாமாகவே கழன்று, மாநிலம் முழுவதும் இருண்டிருக்கும். அதைத் தடுக்க 20,000 மெகாவாட் அளவுக்கு இணைப்பைத் துண்டித்தார்கள். 45 லட்சம் வீடுகளும் வணிக நிறுவனங்களும் இருட்டில் விழுந்தன. அவற்றில் எங்கள் வீடும் ஒன்று.

இந்த இடத்தில்தான் என் முதல் தவறு. ‘சுழற்சி முறை மின்வெட்டு’ என்று அறிவித்திருந்தார்கள். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் திரும்பும் என்று நம்பினேன். நம்மூர் மின்வெட்டில் வளர்ந்தவனுக்கு அது இயல்பான கணக்கு. ஆனால் மருத்துவமனை போன்ற இன்றியமையாத இடங்களுக்குச் செல்லும் தடங்களை விட்டுவிட்டால், சுழற்றுவதற்கு மிச்சம் தடங்களே இல்லை. வெட்டிய இடம் வெட்டியபடியே நின்றது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பியது புதன் இரவில்.

திங்கள் காலை எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். மினசோட்டாவில் நாற்பது ஆண்டு வாழ்ந்துவிட்டு, பேரக்குழந்தைகளுக்காகத் தெற்கே வந்தவர். தன் வீட்டுத் தண்ணீரை மொத்தமாக நிறுத்தி வடித்துவிட்டதாகவும், என் வீட்டையும் பத்து நிமிடத்தில் வடித்துத் தருவதாகவும் சொன்னார். ஒரு மணி நேரத்தில் கரண்ட் வந்துவிடும், குழாய்கள் சொட்டிக்கொண்டிருக்கின்றன, கவலை இல்லை என்று நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குள் அப்போது 13 டிகிரி. மறுநாள் காலை 6 டிகிரி. வெளியே மைனஸ் 14 வரை இறங்கியது.

புதன்கிழமை ஊர்த் தண்ணீரும் விழுந்தது. ஆஸ்டினின் பெரிய சுத்திகரிப்பு நிலையமான உல்ரிச் மின்சாரம் இழந்து, நகரம் முழுவதற்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி அறிவிப்பு வந்தது. உடைந்த பைப்புகள் ஒருபக்கம், எல்லோரும் சொட்ட விட்ட குழாய்கள் ஒருபக்கம் என்று அழுத்தம் போய்விட்டது. எங்கள் பகுதியிலும் குழாய்கள் இருமிவிட்டு நின்றன.

வெள்ளிக்கிழமை வெயில் வந்தது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டும் ஒலி கேட்டு மகள் வாசலுக்கு ஓடினாள். பதினொன்றரை மணிக்குக் குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு திரும்பியது. கைதட்டினோம். பன்னிரண்டு மணிக்குத் துணி துவைக்கும் அறையின் உட்கூரைப் பலகை தொப்பை போட்டது.

எங்கே உறைந்தது, எங்கே வெடித்தது

வெடித்த இடத்தில்தான் பனிக்கட்டி இருந்திருக்கும் என்றே நினைத்தேன். பைப்பை அறுத்தபோது பெரியவர் எனக்குக் காட்டியது வேறு. வடக்குச் சுவரை ஒட்டி, துவாரத்துக்கு நேரே ‘எல்போ’ என்ற வளைவு இணைப்பு ஒன்று. குளிர்காற்று நேராகத் தாக்கும் அந்த இடத்தில்தான் அடைப்பு உண்டாகியிருக்கும் என்றார். பிளவோ அதிலிருந்து நாலடி தள்ளி, குழாய் முனையை நோக்கிய பக்கத்தில், நேரான பகுதியில்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது என்பது பள்ளியில் படித்ததுதான். ஆனால் அந்தப் பெருக்கம் நேரடியாகப் பைப் சுவரை நெம்பிப் பிளப்பது அரிது. இலினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆராய்ச்சிக் குழு 1990களில் பைப்புகளை உறைய வைத்தே சோதித்துப் பார்த்தது. அசையாமல் நிற்கும் தண்ணீர் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே போயும் உறையாமல் இருக்கும். பிறகு சட்டென்று ஊசி ஊசியாகப் பனி தோன்றும். அது தடித்து ஓரிடத்தில் பைப்பை முழுவதுமாக அடைத்துவிடும். அந்த அடைப்பு வளர வளர, அதற்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் சிக்கிய தண்ணீரை அது பிஸ்டன் போலத் தள்ளுகிறது. தண்ணீரை அமுக்க முடியாது. போக வழியும் இல்லை. அழுத்தம் வீட்டின் வழக்கமான அளவைவிடப் பல பத்து மடங்கு ஏறி, பைப்பில் எந்த இடம் இளைத்ததோ அங்கே கிழிகிறது.

குழாயைச் சொட்ட விடுவதன் பயன் இப்போது விளங்கும். ஓடும் தண்ணீர் உறையாது என்பது அதில் பாதிதான். அடைப்பு உண்டானாலும் அதற்கு முன்னால் இருக்கும் தண்ணீருக்கு வெளியேற வழி இருக்கிறது என்பதுதான் பெரிய பயன். அதனால், உறைந்து சொட்டு நின்றுபோனாலும் குழாயை மூடக் கூடாது.

நான் சொட்ட விட்ட சமையலறை, குளியலறை லைன்கள் அனைத்தும் தப்பித்தன. அவற்றில் இரண்டு அதே பரண் வழியாகத்தான் போகின்றன. வெடித்தது ஒன்றே ஒன்று: துணி துவைக்கும் எந்திரத்துக்குப் போகும் குளிர்நீர் லைன். அதில் சொட்ட விட நான் நினைக்கவே இல்லை, ஏனென்றால் அங்கே கண்ணுக்குத் தெரிகிற குழாயே இல்லை. எந்திரத்துக்குப் பின்னால் சுவரில் பதித்த பெட்டிக்குள் இரண்டு வால்வுகள், அவற்றில் ஹோஸ் மாட்டியிருக்கும். எந்திரம் ஓடாதவரை அந்த லைன் மூடிய லைன். வீட்டைச் சுற்றி வந்து எல்லாக் குழாயையும் திறந்ததாக நினைத்தவன், ஒன்றை விட்டுவிட்டேன்.

அதே குழு சொன்ன இன்னொரு அளவை எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். பஞ்சு போர்த்தாத பைப் பரணில் கிடந்தால், வெளியே மைனஸ் 7 டிகிரி என்பதே அபாயம் தொடங்கும் எல்லை. மைனஸ் 1, மைனஸ் 2க்கெல்லாம் பதற வேண்டியதில்லை. மைனஸ் 7க்குக் கீழே, அதுவும் மணிக்கணக்கில் என்றால் கட்டாயம் எதையாவது செய்தாக வேண்டும்.

இருபத்தைந்து நிமிடம்

பைப் வெடித்தது உறைந்த இரவுகளில் ஏதோ ஒன்றில். கேடு நடந்தது வெள்ளிக்கிழமை, அதுவும் இருபத்தைந்து நிமிடத்தில். அடைப்பு உருகும் வரை அதுவேதான் பிளவுக்குத் தக்கையாக இருந்தது. தக்கை இளகியதும், திரும்பிவந்த ஊர்த் தண்ணீர் முழு அழுத்தத்தில் பரணுக்குள் பாய்ந்தது.

வீட்டின் முதன்மை வால்வு எங்கே என்று எனக்குத் தெரியாது. எட்டு ஆண்டு குடியிருந்த வீடு. கார் நிறுத்துமிடம், ஹீட்டருக்குப் பின்புறம், தொட்டிக்குக் கீழே என்று ஓடினேன். பிறகுதான் தெருவோரத்து மீட்டர் பெட்டி நினைவுக்கு வந்தது. அதன் மூடி பனிக்கும் அதற்கடியில் இறுகிய ஐஸுக்கும் கீழே. தோசைத் திருப்பியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். பெரியவர் நீளமான ‘டி’ வடிவ வால்வுச் சாவியோடு வந்து, மூடியை நெம்பித் திறந்து, கால் சுற்றில் மூடினார். நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று வைத்தாலும் அதற்குள் ஏறக்குறைய 875 லிட்டர் வீட்டுக்குள் இறங்கிவிட்டது. உட்கூரைப் பலகை மூன்று துண்டாக விழுந்தது. ஊறிய பஞ்சு ஈரச் சாக்கு போலத் தொங்கியது. பக்கத்து அறையின் மரத்தரை இரண்டு நாளில் அலை அலையாக எழும்பியது.

பிளம்பர் கிடைக்க மூன்று வாரம் என்றார்கள். வெளிமாநிலப் பிளம்பர்களை அனுமதிக்க டெக்சாஸ் அரசு விதிகளையே தளர்த்திய நேரம் அது. கடைகளில் அரை அங்குல இணைப்பு ஒன்றுகூட இல்லை. பெரியவரின் கருவிப் பெட்டியில் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் மூடி இரண்டு இருந்தது. பிளவுக்கு முன்னால் பைப்பை அறுத்து, ஒரு மூடியைச் செருகினார். துணி துவைக்கும் லைன் மட்டும் அடைபட்டு, வீட்டின் மற்ற பகுதிகளுக்கு அன்று மாலையே தண்ணீர் வந்தது. ஊறிய பலகையையும் பஞ்சையும் அன்றிரவே அறுத்து வெளியே போட்டோம். ஈரம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கும். காப்பீட்டு ஆய்வாளருக்காகக் காத்திருக்க முடியாது. படம் எடுத்துவைத்தோம், பைப் துண்டைப் பத்திரப்படுத்தினோம். இழப்பீட்டுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பெரியவர் செய்தது

அவர் வீட்டில் நடந்ததைப் பிறகு உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டேன். குடிக்கவும் கழிப்பறைக்கும் தண்ணீர் பிடித்து வைத்தது முதல் வேலை. பிறகு வெந்நீர் ஹீட்டரின் எரிவாயுத் திருகைச் சுடர் மட்டும் நிற்கும் நிலைக்குத் தணித்தார். மின்சார ஹீட்டராக இருந்தால் அதன் மின் இணைப்பை அணைக்க வேண்டும், வெற்றுத் தொட்டியில் கம்பி எரிந்துவிடும். அதன்பின் முதன்மை வால்வை மூடினார். மாடியில் இருக்கும் மிக உயரமான குழாயைத் திறந்து காற்றுக்கு வழிவிட்டு, தோட்டத்தில் இருக்கும் மிகத் தாழ்வான குழாயைத் திறந்து வடியவிட்டார். துணி துவைக்கும் எந்திரத்தின் ஹோஸ்களைக் கழற்றி வாளியில் தொங்கவிட்டார். கழிப்பறைகளை ஒருமுறை அலசிவிட்டுத் தொட்டிகளைக் காலி செய்தார். தொட்டிகளுக்கு அடியில் வளைந்த பகுதியில் எப்போதும் நிற்கும் தண்ணீருக்கு, கேரவன் வண்டிகளுக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தை ஒரு குவளை ஊற்றினார். காருக்கு ஊற்றும் திரவம் விஷம். அதை வீட்டுக் குழாயில் ஊற்றவே கூடாது என்பதை இரண்டு முறை சொன்னார்.

வடித்தாலும் எல்லாத் தண்ணீரும் போய்விடாது. வளைவுகளில் கொஞ்சம் தங்கும். போகட்டும். சுற்றிலும் காற்று இருப்பதால் அது உறைந்தாலும் பெருக்க இடம் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது, அவர் இதைச் செய்தது ஞாயிற்றுக்கிழமை அல்ல. ஞாயிறன்று அவரும் என்னைப் போலச் சொட்டத்தான் விட்டிருந்தார். திங்கள் காலை எழுந்ததும், மின்சாரம் போய் ஆறு மணி நேரம் ஆகிவிட்டதையும் வெளியே மைனஸ் 7க்கும் கீழே இருப்பதையும் பார்த்து, இனி இந்த வீட்டைச் சூடு காப்பாற்றாது என்று முடிவெடுத்தார். என் தயாரிப்பு முழுவதும் மின்சாரம் இருக்கும் என்ற ஒன்றின் மேல் நின்றது. வீட்டைச் சூடாக்கும் என் ஹீட்டர் எரிவாயுவில் எரிந்தாலும் அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். பைப்பில் சுற்றும் சூடேற்றும் நாடாவும், வெளிச்சுவரில் மாட்டும் உடனடி வெந்நீர்க் கருவியின் உறைதடுப்பும் அப்படியே. அந்த வாரம் அத்தகைய கருவிகள் ஊரெங்கும் வெடித்தன.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. குளிர் தாங்காமல் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களும், மூடிய கார் கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்தவர்களும் டெக்சாஸில் இருந்தார்கள். அவற்றிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்கு ஓடினார்கள்; சிலர் குடும்பமாகவே இறந்தார்கள். அந்தப் புயலில் மாநில அரசின் கணக்கில் மட்டும் 246 உயிர்கள். எங்கள் நண்பர் வட்டத்திலும் ஒரு வீட்டில் பார்பிக்யூ அடுப்பைக் கூடத்துக்கு இழுத்திருந்தார்கள். மனைவி தொலைபேசியில் அழுது, திட்டி, வெளியே எடுக்க வைத்தாள். பைப்பை மாற்றிவிடலாம். இதற்கு மாற்று இல்லை.

மாற்றியவை

கார் கொட்டகைச் சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில், கால் சுற்றில் மூடும் பந்து வால்வு ஒன்றைப் பிளம்பர் வைத்தார். அதன் கைப்பிடிக்குச் சிவப்பு வண்ணம் பூசினேன். செலவழித்ததில் மிகச் சிறந்த பணம் அதுதான். பரணில் பைப்பைக் கீழே இறக்கி, நுரை உறை போட்டு, பஞ்சை அதன் மேல் விரித்தோம். சரிசெய்த பகுதிக்கு ‘பெக்ஸ்’ என்ற நெகிழும் பிளாஸ்டிக் பைப் போட்டார்கள். அது செப்பைவிட விரிந்துகொடுக்கும், ஆனால் இணைப்புகள் உலோகமே. வெடிக்கவே வெடிக்காது என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். வெளிச்சுவரில் உறையாத வகைக் குழாய் மாற்றினோம். அதன் அடைப்பு வீட்டின் உட்பக்கம் இருக்கும், மூடியதும் முன்பகுதி வடிந்துவிடும். ஹோஸை மாட்டியபடி விட்டால் வடியாது, அந்தக் குழாயும் போய்விடும். தோட்டப் பாசன லைனின் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தடுப்பு வால்வை இப்போது நவம்பரிலேயே வடித்துவிடுகிறோம்.

உறைந்த லைனை இளக்குவதிலும் என் வழி மாறிவிட்டது. குழாயைத் திறந்துவைத்து, குழாய் முனையிலிருந்து அடைப்பை நோக்கி முடி உலர்த்தியால் மெதுவாகச் சூடேற்றலாம். நெருப்புச் சுடர் கூடாது. ஆனால் அதற்கு முன் முதன்மை வால்வை மூடிவிடுகிறேன். பைப் முழுதாக இருக்கிறதா, தக்கை வைத்த பிளவா என்பது இளகும்வரை யாருக்கும் தெரியாது. இளகியபின் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, ஒருவர் வால்விலும் ஒருவர் பரணுக்குக் கீழேயும் நின்று காது கொடுக்க வேண்டும்.

பிறகு வந்த குளிர்கள்

2022 டிசம்பர் 23 அன்று மைனஸ் 10 அளவுக்கு இறங்கியது. மின்சாரம் போகவில்லை. எந்திரத்தின் ஹோஸ்களைக் கழற்றி, இரண்டு வால்வுகளையும் வாளியில் சொட்ட விட்டோம், வேறெதுவும் செய்யவில்லை. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் நேர்மாறு: உறைமழையில் மரக்கிளைகள் ஒடிந்து கம்பிகள் மேல் விழ, எங்களுக்கு மூன்று நாள் மின்சாரம் இல்லை. ஆனால் வெளியே பூஜ்யத்துக்கு ஓரிரண்டு டிகிரிதான் கீழே. தெருவில் பலர் பயத்தில் வடித்தார்கள். நாங்கள் வெப்பமானியைப் பார்த்தபடி இருந்தோம், தொடவில்லை. ஒன்றும் ஆகவில்லை.

2024 ஜனவரியில் மறுபடி மைனஸ் 7க்குக் கீழே என்று எச்சரித்தார்கள். பெரியவர் அதற்குள் மகன் வீட்டுக்கு இடம்பெயர்ந்திருந்தார். வால்வுச் சாவியை எங்களிடம் விட்டுப் போயிருந்தார். அன்று மாலை மகள் கையில் கடிகாரத்தோடு மாடியிலிருந்து ஓடி, கொட்டகைச் சிவப்புக் கைப்பிடியைத் திருப்பி, “பதினெட்டு விநாடி” என்று கத்தினாள். மனைவி எவர்சில்வர் குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள், தண்ணீர் நின்றுபோனது. குடம் நிரம்பட்டும், பிறகு பயிற்சி செய் என்று குரல் வந்தது. மகள் மறுபடி திறந்துவிட்டாள்.